முதல் பூச்சு

பகலில் எனக்குப் பற்கள்.
ஐந்து ரோட்டுக்குப் பின்னால், மாடியில், பல் லேப்.
யாரோ ஒருவரின் கடைவாய்க்குத் தொப்பி செய்து
பக்கத்துப் பல்லின் மஞ்சளை அதற்கும் ஏற்றி
சூளையில் வைத்து எடுப்பேன்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது.
இந்த வேலையில் முதல் வாரமே அது தெரிந்துவிடும்.

இரவில் அதே மேஜையில் இன்ஜின்கள்.
நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு,
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
பெட்டியிலிருந்து வரும்போது
மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியது போலப் பளபளக்கும்.
அதைக் கெடுக்கத்தான் எனக்குக் காசு.

புகைபோக்கி ஓரம் கரி.
பிரேக் கட்டைக்குக் கீழே துருத்தூள்.
கூரைமேல், மேக்னசைட் ஜங்ஷனுக்கு நானே போய்
கர்ச்சீப்பில் முடிந்துவந்த வெள்ளைப் புழுதி.
கைப்பிடிகளுக்கு
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கு இழுத்த வெள்ளிக் கம்பி.
"எந்தப் பாப்பாவுக்கு இவ்வளவு மெல்லிசா?" என்பார் பட்டறை லோகு.
நூற்றுப் பன்னிரண்டு டன் பாப்பாவுக்கு.

ஆடி மாதம் எபனேசர் வந்தார்.
லோகோ பைலட். அதாவது, இருந்தவர்.
இப்போது சூரமங்கலம் பார்சல் ஆபீஸில் ஒரு நாற்காலி.
"கண்ணு பாஸாகல" என்றார்,
மகன் பிளஸ் டூவில் போய்விட்டதைச் சொல்வது போல.

கடைசியாக ஓட்டிய வண்டி வேண்டுமாம்.
எண் தெரியும். எந்தப் பக்கம் நெளிவு, தெரியும்.
நான்காம் கதவின் தாழ்ப்பாள் உடைந்து
கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது வரைக்கும் தெரியும்.
கலர்?
"பச்சை. எங்க பச்சை."

ஏழு பச்சை கலந்து, ஏழு துண்டுகளில் பூசி,
பல் நிறம் பார்க்கும் அட்டை மாதிரியே
விசிறியாக விரித்தேன்.
ஓரத்தில் எட்டாவதாகக் கிடந்தது
நேற்று பிரைமர் சோதித்த துண்டு. பழுப்பு.
வெகுநேரம் பார்த்தார்.
தட்டுவடை செட் வரவழைத்தேன். தின்றார்.
கை துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.
பழுப்பைத் தொட்டு, "இதேதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதது அவருக்குக் கேட்டுவிட்டது.
"தப்பா?"
ஃபேன் சுற்றியது.
"நீங்க சரியானதையே அடிங்க மேடம்.
எனக்குக் கையில தெரிஞ்சா போதும்."

கையில் தெரிவதென்றால்.
கணக்குப்படி இந்த அளவில் ரிவெட் ஒரு தூசி,
விரல் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும்.
பல் அடைக்கும் பிசினை ஊசிமுனையில் தொட்டுத் தொட்டு
ஒவ்வொன்றையும் மூன்று மடங்கு உயர்த்தினேன்.
போட்டிக்கு அனுப்பினால் நடுவர் சிரிப்பார்.
நெளிவை இன்னும் குழித்தேன்.
தாழ்ப்பாள் கம்பியை நிஜமாகவே முறுக்கினேன், இரண்டு சுற்று.

பெயின்ட்டில் முதல் பூச்சு பழுப்பு.
அவர் தொட்ட அதே பழுப்பு, முழு உடம்புக்கும்.
காய்ந்ததும் ஒரே ஓர் இடத்தில் உப்புப் பரலை ஒட்டினேன்.
எல்லாவற்றுக்கும் மேலே பச்சை.
பிறகு உப்பைச் சுரண்டினேன்.
கேபினுக்கு ஏறும் படியில்
பதினோரு வருஷம் ஒரு பூட்ஸ் தேய்த்த இடத்தில்
மிளகளவு பழுப்பு எட்டிப் பார்த்தது.

வாங்க வந்த அன்று சேர்வராயன் பக்கம் மழை கட்டியிருந்தது.
டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார்.
விரல் முன்மூக்கில் ஏறி
ரிவெட் ரிவெட்டாகப் பின்னுக்குப் போனது,
தாழ்ப்பாளில் நின்றது, சிரித்தது, நெளிவில் இறங்கியது.
"லோக்கூர் ஏத்தம். எருமை."
வேறு விவரம் சொல்லவில்லை.
படிக்கு வந்தார்.
பெயின்ட் விளிம்பு நகத்தில் தட்டியது.
"இங்க உரிஞ்சிருக்கு."
"ஆமா."
"என் எடது பூட்ஸு."
"ஆமா."
"உள்ள என்ன கலர் இருக்கு?"
"நீங்க சொன்ன கலர்."

கொஞ்சநேரம் மழைக்காற்று மட்டும்.
அப்புறம் லைட்டைப் போட்டார், பர்ஸை எடுத்தார்.
ரிவெட்டெல்லாம் ரொம்பப் பெரிசா இருக்கே மேடம்,
ஒரு இருநூறு குறைச்சுக்குங்க என்றார்.
குறைத்துக்கொண்டேன்.